வண்டியில் வந்த பாடம்

என் காலைத் திறந்து போட்டபடியே நர்ஸ் வேல்விழி ஓடினாள். கட்டைப் பிரித்து, புண்ணைத் துடைத்து, இடுக்கியில் பஞ்சை எடுத்துப் பீட்டாடின் மருந்தில் முக்கிய நேரம். வார்டு நடுவில் நின்ற கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. அவ்வளவுதான். இடுக்கியைத் தட்டில் போட்டாள். கையுறையைக் கழற்றாமலே போய் மவுஸை ஒரு அமுக்கு அமுக்கினாள். திரும்ப ஓடி வந்து அதே கையால் என் சுண்டுவிரலைப் பிடித்தாள்.

"ஏ புள்ள, எங்க ஓடுத?" என்று கேட்டேன்.

"கை கழுவுத பாடம் ஓடுது அண்ணாச்சி. டிங்னு சொன்னதும் அமுக்கணும். அமுக்கலைன்னா முதல்லருந்து ஆரம்பிச்சிரும்."

"கையைக் கழுவுனியா?"

"எங்க கழுவ? அதான் பாடம் ஓடுதுல்லா?" என்றாள்.

நான் முத்துச்செல்வம். போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் மேலகரம். சர்வீஸில் முக்கால்வாசி குற்றாலத்துச் சீசன் டூட்டியிலேயே போனது. சாரல் தொடங்கிவிட்டால் மெயின் அருவியில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பேன். அருவிக்கு அடியில் போய் நின்ற மனுசன் தானாக வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை. விசில் ஊதி, லத்தியைத் தட்டி, சிலரைக் கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே விட வேண்டும். ஊர் உலகமெல்லாம் குளித்ததை நனைந்த சட்டையோடு வேடிக்கை பார்த்தவன், ரிட்டயர் ஆன பிறகாவது ஆசை தீரக் குளிப்போம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். எவனோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் துண்டு வலது கால் சுண்டுவிரலுக்கு அடியில் ஏறியது. சர்க்கரை உடம்பு, வலி தெரியவில்லை. வீட்டுக்குள் நடந்து வந்து உட்கார்ந்த பிறகு, "தரையெல்லாம் ரத்தமா கெடக்கே, யாரு காலுங்க இது?" என்று என் மனைவி ஆவுடைத்தாய் கேட்டபோதுதான் அது என் கால் என்று தெரிந்தது.

அப்படி வந்து சேர்ந்த இடம் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வழக்குப் போடுவார்கள், எனக்குக் கோர்ட்டு வாசல் படி ஏற இனி ஒழுங்கான கால் கிடையாது. டாக்டர் ஏசுதாசன் புண்ணைக் கீறிச் சுத்தம் பண்ணினார். நல்ல கைராசிக்காரர், வேலையில் குறை சொல்ல மாட்டேன்.

"கெட்டதையெல்லாம் எடுத்தாச்சு அண்ணாச்சி. இனி புண்ணு சுத்தமா இருக்கணும், அதான் வைத்தியம். சதை செவப்பா வளந்துட்டுன்னா விரல் உங்களுக்கு. சீழ் வச்சிட்டுன்னா விரல் எனக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அப்பாவுக்கும் சர்க்கரைதான். முதலில் விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். வயலில் அவர் நடந்தால் வரப்பு அதிரும் என்பார்கள். கடைசியில் குழந்தையைத் தூக்குவதுபோல நான் ஒருவனே அவரைக் கட்டிலிலிருந்து தூக்கினேன். போலீஸ்காரன் பயத்தை வெளியே சொல்லக் கூடாதாம். நான் சொல்கிறேன். அந்தச் சுண்டுவிரலை நினைத்து நடுங்கிக்கொண்டுதான் கிடந்தேன்.

இந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று வாங்கும் ஆசை பிடித்துவிட்டது. அதற்கென்றே மணிகண்டபிரபு என்று ஒரு தர மேலாளரை வேலைக்கு வைத்திருந்தார்கள். எம்.பி.ஏ. படித்த பையன். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்கும், இவன் கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கொண்டு வார்டுக்குள் வருவான். எந்த நோயாளியையும் ஏறிட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. கம்ப்யூட்டரை மட்டும் நலம் விசாரிப்பான்.

கிருமி பரவாமல் தடுப்பது எப்படி என்று ஒரு பாடத்திட்டம் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அத்தனை பேரும் அதைக் கம்ப்யூட்டரில் பார்த்து, கேள்விக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும். தேறினால் திரையிலேயே சான்றிதழ் வரும். தணிக்கைக்கு ஆள் வரும்போது தேர்ச்சி நூறு சதவீதம் என்று காட்ட வேண்டும். பாடம் படிக்கத் தனி அறை கிடையாது, அதற்கென்று நேரமும் கிடையாது. அதனால் மணிகண்டபிரபு ஒரு யுக்தி செய்தான். மாத்திரை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் சக்கர வண்டியைப் பிடுங்கி, அதில் கம்ப்யூட்டரை ஏற்றினான். மவுஸ் திருடு போகாமல் நைலான் கயிற்றால் வண்டியோடு கட்டினான். நாலு மூலைக்கும் சந்தனம், குங்குமம் வைத்தான். அன்றிலிருந்து பாடம் வண்டியில் வந்தது. மாத்திரை பிளாஸ்டிக் வாளியில் வந்தது.

ஊழியர்கள் ஏமாற்றக் கூடாதாம். அதற்காகத்தான் அந்த 'டிங்'. சிறிது நேரத்துக்கு ஒரு முறை அது சத்தம் கொடுக்கும், 'அடுத்து' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் ஆள் தூங்கிவிட்டதாக நினைத்துப் பாடத்தை மூடிவிடும். வேல்விழி தூங்கவில்லை, பாவம். வார்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஊசி, குளுக்கோஸ், கட்டு எல்லாம் அவள் ஒருத்திதான். ஒரு கட்டிலில் சீழைத் துடைப்பாள், டிங், மவுஸ். அடுத்த கட்டிலில் கட்டைப் பிரிப்பாள், டிங், மவுஸ். கையுறையை ஒவ்வொரு தடவையும் கழற்றிப் புதிதாக மாட்டினால் பாடம் மூடிக்கொள்ளும். பாடம் மூடிக்கொண்டால் மணிகண்டபிரபு வந்து எல்லார் முன்னாலும் கத்துவான்.

"அண்ணாச்சி, நீங்க சும்மாதானே படுத்திருக்கீய?" என்று ஒரு நாள் வண்டியை என் கட்டிலோரம் தள்ளிக்கொண்டு வந்தாள். "டிங்குன்னா ஒரு அமுக்கு அமுக்குங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

சும்மாதான் படுத்திருந்தேன். அமுக்கினேன்.

அமுக்குவதோடு நிற்க வேண்டியதுதானே? முப்பது வருசம் அடுத்தவன் விஷயத்தில் மூக்கை நுழைத்துச் சம்பளம் வாங்கியவன், எப்படி நிற்பேன்? பாடத்தைப் பார்க்கத் தொடங்கினேன். திரையில் ஒரு பொம்மை நர்ஸ் வந்து செந்தமிழில் பேசும். "வணக்கம் தோழமையே, கைகளின் தூய்மையே காப்பின் முதற்படி" என்று இழுக்கும். அது கை கழுவும் தொட்டி பளிங்குபோல மின்னும். கையை நீட்டினால் தண்ணீர் தானாகக் கொட்டும், எடுத்தால் நிற்கும். எங்கள் வார்டுக் குழாய்க்குத் திருகே கிடையாது. கம்பி ஒன்றை மாட்டித் திருக வேண்டும், அந்தக் கம்பியும் எப்போதும் எவனோ எடுத்துப்போன கம்பிதான். சோப்புக் குப்பியில் தண்ணீர் ஊற்றி ஊற்றி நுரையே மறந்துவிட்டது. கை துடைக்க ஒரு துண்டு தொங்கும். அச்சன்புதூரில் யாரோ புதுமனை புகுவிழாவுக்குக் கொடுத்த துண்டு. விழாத் தேதி அழிந்தே பல காலம் இருக்கும்.

வேல்விழியின் பாடத்தை முடித்துக் கேள்விகளுக்கும் நானே பதில் சொன்னேன். நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூடத்தில்கூட நான் கண்டிராத எண். திரையில் பூ கொட்டியது, கைதட்டல் கேட்டது. உடனே மற்ற நர்ஸுகளும் வந்து வரிசையில் நின்றார்கள். "அண்ணாச்சி எனக்கும்", "எனக்கும் அண்ணாச்சி". அருவியில் வரிசையை ஒழுங்குபடுத்திய ஆள்தானே நான், ஒவ்வொருத்தராக வாங்க என்று ஒழுங்குபடுத்தினேன். ஆபரேஷன் தியேட்டர் பெண் பேரில் எழுதினேன். ரத்தம் எடுக்கும் பையன் பேரில் எழுதினேன். எல்லாம் நூறு. வார்டில் நான்தான் அதிகம் படித்த நோயாளி.

பக்கத்துக் கட்டிலில் கடையநல்லூர் அகமது கபீர் பாய். ஷார்ஜாவில் கடை பார்க்கிறவர். லீவில் வந்த இடத்தில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். தையல் பிரித்ததும் விமானம் ஏற வேண்டியவர். நான் பரீட்சை எழுதுவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத் தாங்காது.

"ஏட்டையா, எல்லாத்தையும் நீங்களே பாஸ் பண்ணிட்டா, நாளைக்கு ஆபரேஷனும் நீங்களே பண்ணிருவியளோ?"

"ஏட்டு இல்ல பாய், எஸ்.எஸ்.ஐ."

"சரி ஏட்டையா."

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி வந்தது. திரையில் ஒரு வார்டின் படம். கட்டில், கதவு, குளுக்கோஸ் கம்பி, மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர். பொம்மை நர்ஸ் கேட்டது: "தோழமையே, இவ்வறையில் அனைவரும் தொடுவதும், எவரும் துடைக்காததுமான பொருள் எது?" சரி வரும்வரை அது விடாது. நான் கதவுப் பிடியைக் காட்டி அமுக்கினேன், தவறு. கட்டில் கம்பி, தவறு. கம்ப்யூட்டர் மவுஸைக் காட்டி அமுக்கினேன். பச்சை வெளிச்சம், பூ, கைதட்டல்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தேன். வெள்ளை மவுஸ் என்று வாங்கியிருப்பார்கள். இடது பக்கப் பொத்தான் மட்டும் பழுப்பாக இருந்தது. தேய்த்துப் பார்த்தேன், பீட்டாடின். பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் என்னவோ காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. அது பீட்டாடின் இல்லை. கொலை நடந்த இடங்களில் எத்தனையோ பார்த்தவன் நான். அன்றைக்குத்தான் கையை உதறினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் என் கட்டைப் பிரித்ததும் வாடை அடித்தது. மறுநாள் கபீர் பாயின் தையலில் சீழ். டாக்டர் ஏசுதாசன் இருவர் சீழையும் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கிருமி. ஆஸ்பத்திரிக்குள்ளேயே சுத்துத கிருமி. எப்பிடி வந்துச்சு?" என்று சுற்றிலும் பார்த்தார். கண் என் மனைவி கையிலிருந்த தூக்குச்சட்டியில் போய் நின்றது. "வெளிச் சாப்பாடு, கண்டவங்க வந்து கட்டில்ல உக்காருதது, இதெல்லாம் முதல்ல நிறுத்தணும்."

ஆவுடைத்தாய்க்கு வந்ததே கோபம். "எங்க வீட்டு இட்லியில புழுவா நெளியுது? கால்ல புண்ணு, வாயிலயா சீழ் வடியுது?" என்று எழுந்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. அதோடு அவளை வார்டுக்குள் விடவில்லை. மவுஸை விட்டார்கள்.

"டாக்டர், அந்த மவுஸைப் பாருங்க" என்றேன்.

"எலியா? வார்டுக்குள்ளயா?" என்று பதறினார். கம்ப்யூட்டரைக் காட்டினேன். அதன் பழுப்பைக் காட்டினேன். கட்டு மாற்றும் கையோடு அதை அமுக்குவதைச் சொன்னேன். நல்ல மனுசன், உடனே புரிந்துகொண்டார். "சரிதான். துடைக்கச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குப் போனார்.

துடைக்கிற பேச்சு அங்கேதான் நின்றது. கூட்டிப் பெருக்கும் அம்மாவைக் கேட்டால், "கம்ப்யூட்டர்ல கை வைக்கக் கூடாதுன்னு ஆர்டர் அண்ணாச்சி." கம்ப்யூட்டர் பார்க்கும் பையனைக் கேட்டால், "கிருமி எங்க டிபார்ட்மென்ட் இல்ல சார். தண்ணி, ஸ்பிரிட் எதும் பட்டா கம்பெனிக்காரன் வாரண்டி தர மாட்டான்." ஆற்றில் மிதந்து வரும் பிணத்தை இந்தக் கரை ஸ்டேஷன் அந்தக் கரைக்கும், அந்தக் கரை ஸ்டேஷன் இந்தக் கரைக்கும் கம்பால் தள்ளிவிடும் என்று எங்கள் டிபார்ட்மென்டைக் கேலி பேசுவார்கள். இங்கே மவுஸை அப்படித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒதுங்கிய கரை என் கட்டில்.

நானே ஸ்பிரிட் பஞ்சு வாங்கித் துடைத்தேன். வெள்ளையாகிவிட்டது. வண்டியை அடுத்த வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது பழையபடி பழுப்பு. மறுபடியும் துடைத்தேன், மறுபடியும் போனது. வேல்விழியிடம் சொன்னேன்.

"புரியுது அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா? நாலு வருசம் படிச்சுட்டுத்தானே வந்திருக்கேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கையைக் கழுவிட்டு நின்னா பாடம் போவுது. பாடத்துக்கு நின்னா கட்டு நிக்குது. பாடம் போச்சுன்னா என் வேலை போவும். நான் யாருக்குன்னு நிப்பேன்?"

அவளைத் திட்ட மனசு வரவில்லை. கேஸ் கெட்டுப் போனால் டி.எஸ்.பி.யை யாரும் கேட்க மாட்டார்கள், பாராவில் நின்ற கான்ஸ்டபிளைத்தான் சஸ்பெண்ட் செய்வார்கள். நான் அதைப் போதுமான அளவு பார்த்திருக்கிறேன். கட்டு மாற்ற வரும்போதெல்லாம் புதுக் கையுறை மாட்டச் சொல்லி வாயால் மட்டும் காவல் காத்தேன். தூங்கிவிட்டால் அந்தக் காவலும் கிடையாது.

தணிக்கைக்குச் சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கண்ணாடி, பருத்திப் புடவை, கறாரான முகம். பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இந்த அம்மாவிடம் சொன்னால் காரியம் நடக்கும், விரல் பிழைக்கும். மணிகண்டபிரபு அன்றைக்குப் புது டை கட்டியிருந்தான். வார்டுக் குழாய்க்குத் திருகு வந்திருந்தது. சோப்புக் குப்பியில் சோப்பு. அச்சன்புதூர்த் துண்டைக் காணோம்.

"தேர்ச்சி நூறு சதவீதம் மேடம். அதுவும் எல்லாருமே நூற்றுக்கு நூறு" என்று வண்டியைத் தள்ளி அவர் முன்னால் நிறுத்தினான். அந்த அம்மா மவுஸைப் பிடித்து ஒவ்வொரு பேராக அமுக்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்கப் புருவம் ஏறியது. சட்டென்று வேல்விழி பக்கம் திரும்பினார்.

"நீங்களும் நூறுதானே? சொல்லுங்க. இந்த வார்டுல எல்லாரும் தொடுற, யாரும் துடைக்காத பொருள் எது?"

வேல்விழிக்கு அந்தக் கேள்வியே தெரியாது. அவள் பேரில் பரீட்சை எழுதியவன் நான். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், என்னைப் பார்த்தாள். மணிகண்டபிரபுவின் நெற்றியில் வியர்வை கோத்தது.

"அம்மா, அதைத்தான் நீங்க கையில பிடிச்சுக்கிட்டு நிக்கீய" என்றேன்.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். மவுஸை விட்டார். கையைப் புடவையில் துடைக்கப் போய், நினைவு வந்து, அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கபீர் பாய் போர்வைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார், தையல் இழுத்தது, முனகினார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பரீட்சை எழுதியதே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் போவது வேல்விழி. "நர்ஸம்மா படிக்கும்போது காதுல விழுந்துச்சு" என்றேன். பொய்சாட்சி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பிறர் சொல்லிக் கேட்டுத்தான் பழக்கம்.

மணிகண்டபிரபு அந்த ஒரு வார்த்தையைக் கப்பென்று பிடித்துக்கொண்டான். "பாத்தீங்களா மேடம்? ஸ்டாஃபுக்கு மட்டும் இல்ல, எங்க பாடம் பேஷன்ட் வரைக்கும் போய்ச் சேருது!"

கறாரான முகம் மலர்ந்தது. இதுவரை வேறெங்கும் இப்படிப் பார்த்ததில்லை என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, பாராட்டெல்லாம் இருக்கட்டும். இந்த மவுஸைத் தொட்ட கையாலதான் எங்க புண்ணையும் தொடுதாவ. எனக்கு விரல் போகப்போவுது. இந்தப் பாய்க்கு வயித்துல சீழ். வண்டியை இங்கருந்து எடுக்கச் சொல்லுங்க, போதும்" என்றேன். யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

அந்த அம்மா நான் பேசி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். "ரொம்ப நியாயமான விஷயம் சொல்றீங்க" என்றார். பிறகு மணிகண்டபிரபுவிடம் திரும்பி, "இந்த ஏரியாவுல ஸ்டாஃபுக்கு விழிப்புணர்வு பத்தலை. கீபோர்டு, மவுஸ் சுத்தத்துக்குன்னே தனியா ஒரு பாடம் சேர்த்துடுங்க" என்றார்.

"கண்டிப்பா மேடம்" என்றான் அவன்.

சான்று கிடைத்துவிட்டது. வார்டுக்கு வார்டு லட்டு கொடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை என்பதால் கொடுக்கவில்லை. கபீர் பாயை அவர் மச்சினன் வந்து திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனான். விமானம் அவர் இல்லாமல் போய்விட்டது. "வாரேன் எஸ்.எஸ்.ஐ. சார்" என்று முதன்முறையாகச் சரியாகச் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டதும் போர்வையை விலக்கி என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் ஏசுதாசன் கட்டிலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கவில்லை. "எடுத்துருவோம் அண்ணாச்சி. விட்டா பக்கத்து விரலுக்குப் போயிரும்" என்றார். எடுத்தார்கள்.

விழித்தபோது கால் ஒரு பெரிய பொட்டலமாகக் கிடந்தது. ஆவுடைத்தாயை அன்றைக்கு மட்டும் உள்ளே விட்டிருந்தார்கள். "அதை என்னங்க பண்ணுவாவ? எங்க போடுவாவ?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். மஞ்சள் பையில் போடுவார்கள். வெட்டி எடுத்த உறுப்பு மஞ்சள் பைக்குத்தான் போக வேண்டும். அந்தக் கேள்விக்கும் நான் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தேன். அவளிடம் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

முதல் கட்டு மாற்றும் நாளில் வேல்விழி கட்டுச் சாமான் தட்டை ஒரு கையிலும், வண்டியை இன்னொரு கையிலுமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டிக்குப் புதுச் சந்தனம், குங்குமம். பக்கவாட்டில் சான்றிதழின் நகல் ஒட்டியிருந்தது. மவுஸ் அதே மவுஸ், அதே பழுப்பு.

"புதுப் பாடம் வந்திருக்கு அண்ணாச்சி. மவுஸைச் சுத்தமா வச்சுக்கிடுதது எப்பிடின்னு. இன்னைக்குள்ள முடிக்கணுமாம்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க ஒண்ணும் அமுக்க வேண்டாம், படுத்திருங்க. நானே பாத்துக்கிடுதேன்."

"முதல்ல கையைக் கழுவிட்டு வா தாயி" என்றேன். "எனக்காக. நல்லாக் கழுவு."

மறுபேச்சில்லாமல் போனாள். நான் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திருகைத் திறந்து, முழங்கைவரை சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று பொம்மை நர்ஸ் தோற்றுப்போகும்படி தேய்த்தாள். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். புதுக் கையுறை பிரித்து மாட்டினாள். என் கட்டைப் பிரித்தாள். விரல் இருந்த இடத்தில் தையல் போட்ட சதை தெரிந்தது. இன்னும் சுத்தமாகத்தான் இருந்தது, வாடை இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

டிங்.

அவள் ஓடவில்லை. ஓட வேண்டியிருக்கவில்லை, வண்டி பக்கத்திலேயே நின்றது. கையை நீட்டி ஒரு அமுக்கு அமுக்கினாள். "தூய்மையான கரங்களுக்கு வாழ்த்துகள் தோழமையே" என்று பொம்மை சொன்னது. வேல்விழி அதே கையால் பஞ்சை எடுத்துக்கொண்டு என் காலுக்குக் குனிந்தாள்.

நான் காலை இழுத்துக்கொண்டேன். நாலு விரலும் போர்வைக்குள் ஒளிந்துகொண்டன. அவள் பஞ்சோடு நின்றாள், தன் கையைப் பார்த்தாள், மவுஸைப் பார்த்தாள். "அய்யோ அண்ணாச்சி" என்று தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். பொம்மை நர்ஸ் அடுத்த பாடத்துக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.